கட்டுவதும் காட்டுவதும்

போன டிசம்பரில் ஒரு மாலை, தங்கச்சிமடம் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய தேநீர்க் கடையில், நெடுநாள் பழக்கமுள்ள ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஐஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவர். மகன் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறான். சுற்றி வளைக்காமல் கேட்டார்: “சார், பையனை வெளிநாட்டுல படிக்க வைக்கணும்னா எவ்வளவு காட்டணும்?” எனக்கு உடனே பதில் வரவில்லை. கல்லூரிக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டுப் பழகிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். இடையில் எப்போதோ ஒரு துணைக்கால் முளைத்து, கட்டணும் என்பது காட்டணும் என்று ஆகியிருக்கிறது. அவர் வாய் தவறிச் சொல்லவில்லை. தெரிந்தே, சரியாகத்தான் கேட்டார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்று பேச்செடுத்து என்னிடம் வருகிறவர்களில் பலர் மதிப்பெண்ணைப் பற்றியோ ஆங்கிலத் தேர்வைப் பற்றியோ முதலில் கேட்பதில்லை. கணக்கில் எவ்வளவு பணம் இருப்பதாகக் காட்ட வேண்டும், யார் பெயரில் காட்ட வேண்டும், எத்தனை நாள் காட்ட வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் கேள்வியோடு ஓர் ஆண்டுக்கும் மேலாக நானே மல்லுக்கட்டியிருக்கிறேன். இன்னும் அது எனக்குள் அடங்கவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, முப்பத்தொரு ஆண்டுகள் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். பாம்பனில் வீடு. என் தங்கையின் மகள் விலங்கியலில் இளநிலைப் பட்டம் முடித்துவிட்டு, கடல்சார் அறிவியலில் முதுநிலைப் படிப்பை வெளிநாட்டில் படிக்க விரும்பினாள். ஏன் வெளிநாடு என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயமும் இருந்தது. தொண்டியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் வளாகம் இருக்கிறது. பரங்கிப்பேட்டையும் தூத்துக்குடியும் எட்டாத தூரமல்ல. 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், மண்டபத்தில் இருந்த தலைமையகம் 1971-இல் கொச்சிக்குப் போன பிறகும் கிளையாக இங்கே இயங்குகிறது. அவளுடைய காரணம் எளிமையானது: கடற்பாசிகளைப் பற்றி அவள் படிக்க விரும்பிய பாடத்திட்டம் வட ஜெர்மனியில் இருந்தது, அங்கே அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. கட்டுவதற்கு ஒன்றுமில்லை என்று கேட்டதும் நானும் என் தங்கையும் மகிழ்ந்து போனோம். காட்டுவதைப் பற்றி அப்போது எங்களுக்குத் தெரியாது.

காட்ட முடிந்தவை

மதிப்பெண், மொழி, பெயர் ஆகிய மூன்றும் விரைவில் முடிந்துவிட்டன. மதுரைக்குச் சென்று ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு எழுதி, வேண்டிய 6.5-க்கு மேல் வாங்கினாள். பள்ளிச் சான்றிதழில் ஒற்றை எழுத்தாக நின்ற தகப்பன் பெயர் கடவுச்சீட்டில் முழுதாக விரிந்து கிடந்தது. இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதினோம். முன்னெழுத்தோடு வாழும் தமிழர்கள் எல்லோருக்கும் இது தெரிந்த பாடு. இந்திய மாணவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்றை ஜெர்மனி 2022 நவம்பர் முதல் கட்டாயமாக்கியது. அதற்கு 18,000 ரூபாய் கட்டினோம்.

மதிப்பெண்ணை மாற்றும் கணக்கில் மட்டும் நான் ஒரு மாலைப் பொழுதைச் செலவழித்தேன், அது என் தொழிற்பழக்கம். ஜெர்மனியில் 1 என்பது மிகச் சிறந்த மதிப்பெண், 4 என்பது தேர்ச்சியின் கடைசிப் படி. நம்முடைய உச்ச மதிப்பெண்ணிலிருந்து மாணவர் பெற்றதைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். அவள் வாங்கியது 72. தேர்ச்சி மதிப்பெண் 40. கணக்குப் போட்டால் 2.4 வந்தது. பல்கலைக்கழகம் கேட்டது 2.5 அல்லது அதைவிடச் சிறப்பானது. தேர்ச்சி மதிப்பெண் 50 என்று யாராவது தவறாக எடுத்துக்கொண்டிருந்தால் அதே 72 மதிப்பெண் 2.68 ஆகி, அவள் வாசலிலேயே நின்றிருப்பாள். மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்த ஒரே ஒரு வரி அவளை உள்ளே தள்ளியது. அந்த விதியில் எனக்குக் குறையில்லை. எதைக் கேட்கிறதோ அதைத் தெளிவாகக் கேட்கிறது. அதற்கு அப்பால் எதையும் கேட்பதில்லை.

தாய்மாமன் இல்லாத பட்டியல்

ஜெர்மனியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று சிலர் சொன்னதால் பிரிட்டனிலும் ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருந்தோம். 2025 ஜனவரியில் அங்கிருந்துதான் முதல் அனுமதி வந்தது. ஓராண்டுப் படிப்பு, கட்டணம் 17,000 பவுண்டு. பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் நின்ற ரயில் அப்போதும் ஓடத் தொடங்கவில்லை. பேருந்திலேயே மதுரைக்குப் போய், ஒரு கன்சல்டன்சியின் குளிரூட்டிய அறையில் நானும் அவளும் உட்கார்ந்தோம்.

அங்கிருந்த இளைஞர் பணிவாகவே விளக்கினார். கட்டணத்தில் முன்பணம் போக மீதி முழுவதும், லண்டனுக்கு வெளியே வாழ்வதற்கு மாதம் 1,136 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கான 10,224 பவுண்டும் கணக்கில் இருக்க வேண்டும். தொடர்ந்து 28 நாட்கள் இருக்க வேண்டும். இடையில் ஒரு நாள் குறைந்தாலும் விசா மறுக்கப்படும். மொத்தம் ஏறத்தாழ 25 லட்சம் ரூபாய். என்னுடைய ஓய்வூதியப் பணம் வைப்பில் கொஞ்சம் இருக்கிறது, அதையும் இதில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார்: மாணவியின் பெயரிலோ, தாய் தகப்பன் பெயரிலோ, சட்டப்படியான காப்பாளர் பெயரிலோ இருக்கும் பணம் செல்லும், கணவர் இருந்தால் அவருடையது செல்லும், முறையான கல்விக் கடன் செல்லும். மாமாவின் கணக்கில் இருப்பது செல்லாது.

இதைக் கேட்டுக் கோபப்படுவது சிறுபிள்ளைத்தனம் என்று எனக்குத் தெரியும். ஒரு நாட்டின் குடிவரவு அலுவலகம் உலகத்து உறவுமுறைகளையெல்லாம் படித்துவிட்டு விதி எழுத முடியாது. ஆனாலும், காது குத்தும்போது மடியில் உட்கார வைத்தவன், சடங்குக்குச் சீர் கொண்டுபோனவன், நாளை கல்யாணத்துக்கும் முன்னால் நிற்க வேண்டியவன் அந்தப் பட்டியலில் இல்லை என்றபோது மனம் சுருக்கென்றது. அவள் தகப்பன், என் மச்சான், பட்டியலில் இருக்கிறார். ஆனால் அவரிடம் காட்டுவதற்கு எதுவும் இல்லை. ஒரு விசைப்படகில் பாதிப் பங்கு அவருடையது. வாரத்துக்கு மூன்று நாள் கடலுக்குப் போகிறது படகு. இறாலும் மீனும் முன்பணம் கொடுத்த வியாபாரிக்குப் போகின்றன. டீசலும் ஐஸும் கூலியும் கழித்துப் பங்கு பிரித்தால் மிஞ்சுவது கையில் வந்து, கையாலேயே போகிறது. அந்த வரவு செலவுக்கெல்லாம் இருக்கும் ஒரே ஆவணம் வியாபாரி எழுதும் சிட்டை. அவர் ஏழையல்ல, நல்ல பருவத்தில் என் மாதச் சம்பளத்தை ஒரு வாரத்தில் பார்த்தவர். ஆனால் வங்கிக் கணக்கில் அவரைத் தேடினால் எரிவாயு மானியத்தையும் தடைக்கால நிவாரணத்தையும் தவிர வேறு எதுவும் அகப்படாது.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த இளைஞர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அதற்கும் வழி இருக்கிறது என்றார். அவள் பெயரில் ஒரு கணக்குத் தொடங்க வேண்டும். ஏடிஎம் அட்டை, காசோலைப் புத்தகம், கடவுச்சொல் எல்லாம் அவர்கள் வசம் இருக்கும். 25 லட்சத்தை அவர்களே போடுவார்கள். 28 நாள் கழித்து வங்கி அறிக்கை எடுத்ததும், விசா முடிவு வந்ததும், அவர்களே எடுத்துக்கொள்வார்கள். அதற்கு மூன்று சதவீதம். 75,000 ரூபாய்.

மார்ச் 31

அதை அங்கேயே மறுத்துவிட்டு எழுந்து வந்தேன் என்று எழுதினால் இந்தக் கட்டுரை எனக்குப் பெருமை சேர்க்கும். ஆனால் நான் எழுந்திருக்கவில்லை. 75,000 என்பதைக் குறைக்க முடியுமா என்று கேட்டேன். ஏனென்றால் அந்த வித்தை எனக்குப் புதிதல்ல. மார்ச் மாதம் முப்பத்தோராம் தேதி கூட்டுறவுச் சங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது தெரியும். தவணை கடந்த நகைக் கடனை ஒரே நாளில் அடைத்ததாக எழுதி, அதே நாளில் அதே நகைக்குப் புதுக் கடன் கொடுத்ததாகவும் எழுதுவோம். ரொக்கம் பெட்டியை விட்டு நகராது. புக் அட்ஜஸ்ட்மென்ட் என்று அதற்குப் பெயர். ஏப்ரல் ஒன்றாம் தேதி பார்த்தால் சங்கத்தில் வாராக் கடனே இருக்காது. தணிக்கையாளருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும், கடன் வாங்கியவருக்கும் தெரியும். ஒரு நாள் இருப்பைக் காட்டி ஓர் ஆண்டை ஓட்டியவன், 28 நாள் இருப்பைப் பார்த்து எந்த முகத்தோடு முகம் சுளிப்பது?

திரும்பி வரும்போது, பரமக்குடி தாண்டிய பிறகு, அதுவரை சன்னலோரம் பேசாமல் இருந்த மருமகள் கேட்டாள்: “மாமா, விசா வந்ததும் அந்தப் பணம் போயிருமில்ல? அங்க இறங்குன அன்னைக்கு என் கணக்குல என்ன இருக்கும்?” ஒன்றும் இருக்காது என்றேன். “அப்ப மிச்சக் கட்டணத்த எதை வச்சுக் கட்டுறது? எதை வச்சுச் சாப்பிடுறது?” வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த இளைஞர் சொன்னதையே திருப்பிச் சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. வாரத்துக்கு 20 மணி நேர வேலையில் 13,000 பவுண்டு கட்டணமும் சாப்பாடும் தேறாது என்பதைக் கணக்கு எழுதியவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. முப்பத்தொரு ஆண்டுகளில் நான் எழுதிய பொய்க் கணக்குகள் எதுவும் யார் வயிற்றையும் காயப்போட்டதில்லை. காகிதத்திலிருந்து காகிதத்துக்குப் போனவை அவை. இந்தக் கணக்கில் ஒரு பெண் போய் உட்கார வேண்டும். அந்தக் கேள்வி நேர்மையைப் பற்றியது அல்ல, சோற்றைப் பற்றியது. அதனால்தான் என்னை மடக்கியது. மறுநாள் கன்சல்டன்சிக்குத் தொலைபேசியில் வேண்டாம் என்று சொன்னேன்.

முடக்கிய பணம்

ஜெர்மனியிலிருந்து அனுமதி மின்னஞ்சல் வந்தது ஏப்ரலில், புதிய பாம்பன் ரயில் பாலம் திறந்த அதே வாரம். ஊரே பாலத்தைப் பார்க்கப் போயிருந்தது. நாங்கள் 11,904 என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம். விசாவுக்கு முன்பே ஒரு முடக்கு கணக்கில், பிளாக்ட் அக்கவுண்ட் என்று எல்லோரும் சொல்வது, அவள் பெயரில் 11,904 யூரோவைப் போட்டுவிட வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு மாதம் 992 யூரோ மட்டும் விடுவிப்பார்கள். 2024 செப்டம்பரில் உயர்த்தப்பட்ட தொகை இது. அங்குள்ள மாணவர் உதவித்தொகைச் சட்டத்தின் உச்ச அளவை ஒட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் கணக்கில் 11.5 லட்சத்தை ஒட்டி வந்தது.

வந்த நேரமும் சரியில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றி மராமத்து பார்க்கும் காலம், அதாவது வரவு நின்று செலவு மட்டும் நடக்கும் காலம். அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய். கல்விக் கடன் கேட்டு வங்கிக்குப் போனோம். 7.5 லட்சத்துக்கு மேல் என்றால் சொத்துப் பிணை வேண்டும். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு என்று அடுக்கினார் மேலாளர். தங்கை வீடு இருக்கும் மனைக்குப் பட்டா இல்லை. கடற்கரையோரக் குடியிருப்புகளில் இது புதுச் செய்தியல்ல. படகைப் பிணையாக வைக்கலாமா என்று மச்சான் கேட்டார். மேலாளர் சிரிக்கவில்லை, அது அவருடைய பெருந்தன்மை.

அதன் பிறகுதான் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கினேன். முதல் வரியில் என் பெயர், 4 லட்சம். இரண்டாவது தங்கை, தாலிக்கொடி நீங்கலாக எல்லா நகையையும் அடகு வைத்து 2.75 லட்சம். வியாபாரி, அடுத்த பருவத்து இறாலின் மேல் முன்பணமாக, 1.5 லட்சம். மகளிர் குழு 1 லட்சம். அந்தக் குழுவில் பாதிப் பேர் சின்னப்பாலத்துப் பக்கம் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் எடுக்கப் போகிறவர்கள். மீதி 2.25 லட்சம் பதினொரு பேரிடம் சிறுகச் சிறுகச் சேர்ந்தது. மொத்தம் பதினைந்து வரிகள். எல்லாவற்றையும் அவள் கணக்கில் போட்டு, அங்கிருந்து ஜெர்மனிக்கு அனுப்பினோம். கல்விக்காக வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகையில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு அந்த ஆண்டு 5 சதவீதம் வரி பிடித்தார்கள், 7,500 ரூபாய். அதைத் திரும்பப் பெற வேண்டுமானால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். அவள் வீட்டிலிருந்து போகப்போகும் முதல் வரிக் கணக்கு அதுதான்.

இந்த இடத்தில்தான் என் கருத்து ஒரு பக்கம் சாய்ந்தது. முதலில் அந்த முடக்கு கணக்கை நான் ஈவிரக்கமற்றது என்று நினைத்தேன். 11,904-இல் ஒரு யூரோ குறைந்தாலும் வாசல் திறக்காது. ஆனால் அந்தக் கணக்கு எங்கள் விஷயத்தில் அவள் யாருடைய மகள் என்று கேட்கவில்லை. தகப்பன் வரி கட்டுகிறாரா, ஆறு மாதமாகக் கணக்கில் சம்பளம் விழுகிறதா, மனைக்குப் பட்டா இருக்கிறதா என்று எதையும் கேட்கவில்லை. கடந்த நான்கு மாத வங்கி அறிக்கையைக் கேட்கும் கனடாவின் முறை, பணத்தின் அளவைப் போலவே அதன் நடத்தையையும் பார்க்கிறது. மாதாமாதம் ஒழுங்காக வந்து போகும் பணம் எந்த வகைக் குடும்பத்தில் இருக்குமோ அந்த வகைக் குடும்பத்தைத்தான் அது தேடுகிறது. கடலில் அலைந்து வரும் பணத்துக்கு அப்படிப்பட்ட நடத்தை கிடையாது. பாசி எடுத்த கையிலிருந்து வந்த ஆயிரமும் ஓய்வூதியத்திலிருந்து வந்த ஆயிரமும் முடக்கு கணக்கில் ஒரே ஆயிரம்தான். தாய்மாமன் அங்கே தனியாகப் பட்டியலில் ஏற வேண்டிய தேவையே இல்லை. கடுமையான எண்ணைவிட இளகிய கேள்விகள்தாம் எங்களைப் போன்றவர்களை வடிகட்டுகின்றன என்று இப்போது நினைக்கிறேன்.

ஆனால் இதை முழு நம்பிக்கையோடு சொல்ல என்னால் முடியவில்லை. செப்டம்பர் கடைசியில் அவள் போய்ச் சேர்ந்தாள். மாதம் 992 யூரோ வருகிறது. விடுதி அறைக்கு 300, மருத்துவக் காப்பீட்டுக்கு 145, சாப்பாட்டுக்கும் மற்றதற்கும் 200 என்று அடக்கி, மிஞ்சுவதில் 300 யூரோவை இங்கே திருப்பி அனுப்புகிறாள். வந்ததும் நோட்டில் ஒவ்வொரு பெயராக அடிக்கிறேன். அப்படியானால் நாங்கள் காட்டியதும் காட்டும் பணம்தானே? அவள் வாழ்வதற்கு என்று அந்த நாடு கணக்கிட்ட தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, வாழ்வதற்காக அல்ல, திரும்பி வருவதற்காகவே போயிருக்கிறது. மதுரை இளைஞர் 28 நாளில் எடுத்துக்கொள்வார், நாங்கள் மாதத் தவணையாக எடுத்துக்கொள்கிறோம். அவர் மூன்று சதவீதம் கேட்டார், எங்கள் பதினைந்து பேரில் வியாபாரியையும் குழுவையும் அடகுக் கடையையும் தவிர யாரும் வட்டி கேட்கவில்லை. அவள் பட்டினி கிடக்கவில்லை என்பது பெரிய வேறுபாடு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் அன்று பேருந்தில் நினைத்துக்கொண்ட அளவுக்கு அது வேறு சாதிக் கணக்கு அல்ல.

தேநீர்க் கடையில் கேட்டவருக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. ஜெர்மனியில் பட்டப்படிப்புக்கு நேரே சேரப் பன்னிரண்டாம் வகுப்பு மட்டும் பொதுவாகப் போதாது, ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் தேறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இங்கே கல்லூரியில் ஓராண்டு முடித்திருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் அங்கே ஓராண்டு ஆயத்தப் படிப்பு என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “அது படிக்கட்டும் சார், ஒரு வருசந்தானே. எவ்வளவு காட்டணும்னு சொல்லுங்க.” 11,904 யூரோ, இன்றைக்கு 12.5 லட்சம் ரூபாய்க்குக் கிட்டத்தட்ட என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். “உங்க நோட்டுல என் இருபதாயிரம் நிக்குதுல்ல?” நிற்கிறது, பதினோராவது வரியில், இன்னும் அடிக்கவில்லை என்றேன். “அதை எனக்குத் தர வேணாம். பையன் பேருக்கு முதல் வரியா எழுதிருங்க.”

வீட்டுக்கு வந்து புதுப் பக்கத்தைத் திருப்பி, மேலே 11,904 என்று எழுதி, முதல் வரியில் 20,000 என்று போட்டேன். பதினோராவது வரியை அடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். அந்த இருபதாயிரம் இன்னும் என் மருமகள் பெயரில் ஜெர்மனியில் முடங்கிக் கிடக்கிறது. அதே இருபதாயிரம் இங்கே இன்னொரு பிள்ளைக்கும் இருப்பில் வந்துவிட்டது.